பச்சை உப்பும் பஞ்சாங்கமும்: மேகநாத் சாகாவை நாம் வாசிப்பது

1

வானத்தைப் பார்ப்பதற்குச் சாதி கிடையாது என்பார்கள். பார்ப்பதற்குக் கிடையாதுதான். கணக்குப் போடுவதற்கு உண்டு. எது நல்ல நேரம், எது ராகு காலம், எந்த நாழிகையில் கோயில் நடையைச் சாத்த வேண்டும், எந்த முகூர்த்தத்தில் தாலி கட்ட வேண்டும் என்று சொல்லுகிற வாய் எவனுடையதோ, அவனே ஊரின் காலத்துக்குச் சொந்தக்காரன். நம்மிடமிருந்து நிலம் பறிக்கப்பட்ட வரலாற்றை, பஞ்சமி நிலம் தொடங்கி, பேசியும் எழுதியும் போராடியும் வந்திருக்கிறோம். காலமும் வானமும் பறிக்கப்பட்ட வரலாறு அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. ஏதோ அது சோத்துக்கு உதவாத சங்கதி என்பதுபோல ஒதுக்கிவிட்டோம்.

எனக்குச் சின்ன வயசிலிருந்தே வானத்தின்மேல் தீராத பைத்தியம். தமிழ் எம்.ஏ. படித்த ஆளுக்கு நட்சத்திரத்தோடு என்ன சோலி என்று கேட்காத தோழர்கள் குறைவு. அவர்களுக்கெல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை. இது மேகநாத் சாகா (1893-1956) என்ற வங்காள வானியற்பியலாளரைப் பற்றியது. அவரைப் பற்றி விருதுநகர் மாவட்டத்திலிருந்து எழுத எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று பட்டாசு. இன்னொன்று பஞ்சாங்கம்.

2

எங்க பக்கத்துல மருந்துன்னா ஆஸ்பத்திரி மருந்து ரெண்டாவதுதான். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்ததுதான் முதல் மருந்து. அதோடு வெளிச்சத்துக்கு அலுமினியப் பொடி. எங்கம்மா மருந்து அடைச்சிட்டு சாயங்காலம் வர்றப்ப முழங்கை வரைக்கும் வெள்ளி பூசின மாதிரி மின்னும். நிறம் வேண்டுமானால் உப்பு சேர்க்க வேண்டும். சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், மஞ்சளுக்குச் சோடியம், நீலத்துக்குச் செம்பு, பச்சைக்குப் பேரியம் நைட்ரேட். இந்தக் கடைசிச் சரக்கை எங்க ஆட்கள் யாரும் பேரியம் என்று சொல்ல மாட்டார்கள். அது 'பச்சை உப்பு'.

மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் செய்முறை வகுப்பு. கம்பியில் உப்பைத் தொட்டுச் சுடரில் காட்டினால் என்ன நிறம் வருகிறது என்று பார்த்து உப்பின் பெயரைச் சொல்ல வேண்டும். எங்க தெருப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்கள். "பட்டாசுக்காரப் பயலுகளுக்கு இது மட்டும் தெரியும்" என்றார் வாத்தியார். வகுப்பே சிரித்தது. அந்த 'மட்டும்' என்ற சொல்லைத்தான் நான் இத்தனை வருஷமாகச் சுமந்து திரிகிறேன். ஏனென்றால் அந்த 'மட்டும்'தான் வானியற்பியலின் அரிச்சுவடி என்று பின்னாடி படித்துத் தெரிந்துகொண்டேன்.

சூரிய ஒளியை முப்பட்டகக் கண்ணாடியில் பிரித்தால் வானவில் போலப் பட்டை விழும். கூர்ந்து பார்த்தால் அந்தப் பட்டையின் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரியும். 1814இல் அவற்றில் 500க்கு மேற்பட்ட கோடுகளை எண்ணிக் குறித்தவர் யோசப் பிரான்ஹோபர். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். சிறு வயதில் பெற்றோரை இழந்து கண்ணாடிப் பட்டறையில் வேலைக்கு விடப்பட்டவர். 1801இல் அந்தப் பட்டறைக் கட்டடம் இடிந்து விழுந்தபோது உள்ளே சிக்கி உயிரோடு தோண்டி எடுக்கப்பட்டவர். ஷெட்டு இடிந்து செத்தவர்களின் பெயர்ப்பட்டியல் வைத்திருக்கிற எங்க ஊர்களுக்கு இந்தச் செய்தி வேறு மாதிரிக் கேட்கும். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் போனார்கள். அவர்களில் யாருக்குள் என்ன இருந்தது என்று யார் கண்டது?

பிரான்ஹோபர் குறித்துவைத்த கோடுகளுக்குப் பொருள் சொன்னவர்கள் புன்சனும் கிர்க்காஃபும். 1859-60இல் உப்புகளைச் சுடரில் காட்டி, ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய நிறக்கோடுகள் உண்டு, அது அதன் கைரேகை என்று நிறுவினார்கள். சோடியம் நம் அடுப்பில் எரிந்தாலும் சரி, சூரியனில் இருந்தாலும் சரி, கோடு ஒன்றுதான். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தின்போது பிரெஞ்சுக்காரர் ழான்சன் ஆந்திரத்துக் குண்டூரில் வந்து உட்கார்ந்து சூரிய விளிம்பின் ஒளியை ஆராய்ந்தார். அந்தக் கிரகணத்தை ஒட்டி நடந்த ஆய்வுகளில்தான் பூமியில் அதுவரை கண்டிராத ஒரு மஞ்சள் கோடு பிடிபட்டு, ஹீலியம் என்ற பெயர் பெற்றது. ஆக, நட்சத்திரத்தை ஆராய்வதென்றால் அதன் நிறக்கோட்டைப் படிப்பது. மத்தாப்பில் நிறம் பார்க்கிற கண்தான் அங்கேயும் வேலை செய்கிறது.

3

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருந்தது. சில நட்சத்திரங்களில் கால்சியக் கோடு ஓங்கி நிற்கிறது, சிலவற்றில் ஹைட்ரஜன், சிலவற்றில் ஹீலியம். அப்படியானால் ஒவ்வொரு நட்சத்திரமும் வெவ்வேறு சரக்கால் ஆனதா? சூரியனில் ருபீடியம், சீசியம் ஏன் தென்படவில்லை? கனமான கால்சியத்தின் கோடுகள் சூரியனின் மேல் அடுக்கில் அவ்வளவு உயரத்தில் எப்படித் தெரிகின்றன? பதில் சொன்னவர் சாகா. 1920இல், தம் 27ஆம் வயதில்.

அவர் பிறந்தது டாக்காவை அடுத்த சியோராத்தலி கிராமம். அப்பா ஜகந்நாத் மளிகைக் கடைக்காரர். எட்டுப் பிள்ளைகளில் இவர் ஐந்தாவது. இடியும் மழையுமாக இருந்த நாளில் பிறந்ததால் மேகத்தின் பெயர் என்கிறார்கள். மேகநாதன் என்றால் நமக்கு இராவணன் மகன் இந்திரசித்து. பெயர்ப்பொருத்தம் பின்னால் சரியாகத்தான் அமைந்தது. கிராமத்தில் மேலே படிக்கப் பள்ளி இல்லை. பல மைல் தள்ளியிருந்த ஊரில் ஒரு மருத்துவர் வீட்டில் தங்கிப் படித்தார். மாட்டைப் பராமரிக்க வேண்டும், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவ வேண்டும் என்பது ஏற்பாடு. உதவியது நல்ல மனம்தான். ஆனால் அந்தத் தட்டை அந்த வீட்டில் வேறு யாரும் தொடக் கூடாது. நல்ல மனத்துக்குள்ளும் சாதி எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு அந்தத் தட்டே சாட்சி.

1905 வங்கப் பிரிவினை நேரத்தில் ஆளுநர் ஃபுல்லரின் வருகையைப் புறக்கணித்த மாணவர்களோடு நின்றதால் டாக்கா அரசுப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். உதவித்தொகையும் போனது. வேறு பள்ளியில் சேர்ந்து முதலாவதாக வந்தார். 1911இல் கல்கத்தா மாநிலக் கல்லூரி. தங்கியது ஈடன் இந்து விடுதியில். அங்கே உயர்சாதி மாணவர்கள் அவரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட மறுத்தார்கள். சரசுவதி பூசையில் அவரைச் சேர்க்கவில்லை. கல்விக்குத் தெய்வம் என்று சொல்கிறார்கள், ஆனால் வகுப்பில் முன்னணியில் நின்றவனுக்கு அந்தத் தெய்வத்தின் முன்னால் இடமில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சாகா தலித் அல்லர். வங்கத்துச் சாதி அடுக்கில் உயர்சாதியார் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காத வணிகச் சாதியில் பிறந்தவர். அவரை நம் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டிய தேவை எனக்கில்லை. அறிவின் வாசலில் சாதி எப்படிக் காவல் நிற்கிறது என்பதற்கு அவர் வாழ்க்கை ஓர் ஆவணம். அந்த அளவில்தான் அது நம்முடையது.

அவர் செய்தது என்ன? மத்தாப்பில் நீலம் கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்று கலவைக்காரரைக் கேட்டால் சொல்லுவார். செம்பு சேர்த்தால் மட்டும் போதாது. சூடு கூடிவிட்டால் நீலம் வெளுத்துப் போகும். அதே சரக்கு, சூடு வேறு, நிறம் வேறு. மத்தாப்பில் உடைவது மூலக்கூறு. நட்சத்திரத்தில் உடைவது அணு. வெப்பம் ஏற ஏற அணுவிலிருந்து எலக்ட்ரான் கழன்று போகிறது. கழன்ற அணுவின் கோடு வேறு, கழலாத அணுவின் கோடு வேறு. அழுத்தம் குறைந்த இடத்தில் கழல்வது இன்னும் சுலபம். எந்த வெப்பத்தில், எந்த அழுத்தத்தில், எத்தனை பங்கு அணுக்கள் இப்படிக் கழன்றிருக்கும் என்று ஒரு சமன்பாடு போட்டார். சாகா சமன்பாடு என்று அதற்குப் பெயர். சூரியனில் ருபீடியம் இல்லாமல் இல்லை. சூட்டில் எலக்ட்ரானை இழந்து நிற்பதால் தெரியவில்லை. வெப்பம் குறைந்த சூரியப் புள்ளிகளில் தேடுங்கள், கிடைக்கும் என்றார். அமெரிக்கர் ரஸ்ஸல் தேடினார். கிடைத்தது.

இதன் பொருள் பெரியது. நட்சத்திரங்களுக்கு இடையே தெரிகிற வேறுபாடு பெரும்பாலும் பிறப்பு வேறுபாடு அல்ல, வெப்ப வேறுபாடு. 1925இல் ஹார்வர்டு வானாய்வகத்தில் சிசிலியா பெய்ன் என்ற இளம் பெண் இந்தச் சமன்பாட்டைக் கையிலெடுத்து, நட்சத்திரங்கள் எல்லாமே பெரும்பகுதி ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவை என்று கண்டார். அதே ரஸ்ஸல் அதை நம்ப மறுக்க, முடிவு உண்மையாக இருக்காது என்று தம் ஆய்வேட்டில் தாமே எழுத வேண்டிய நிலை அவருக்கு. நான்கு வருஷம் கழித்து ரஸ்ஸலே ஒத்துக்கொண்டார். பந்தியில் உட்கார விடப்படாத ஒருவரின் சமன்பாடு, வாயைத் திறக்க விடப்படாத ஒரு பெண்ணின் கண்டுபிடிப்பு. இவை இரண்டும் சேர்ந்துதான் நட்சத்திரம் எதனால் ஆனது என்பதை உலகத்துக்குச் சொன்னது.

1920இன் பிற்பகுதியில் சாகா லண்டனில் பௌலரின் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். அதே பருவத்தில் அதே நகரத்தில் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் மீண்டும் சேர்ந்திருந்தார் அண்ணல் அம்பேத்கர். 1891இல் பிறந்தவர் ஒருவர், 1893இல் பிறந்தவர் ஒருவர். ஒருவருக்குத் தண்ணீர்ப் பானை மறுக்கப்பட்டது, ஒருவருக்குச் சாப்பாட்டுப் பந்தி. 1943 தாமோதர் வெள்ளத்துக்குப் பின் அந்த நதியை அடக்கும் திட்டத்துக்காகச் சாகா விடாமல் எழுதினார். வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்து அந்தத் திட்டத்தை நகர்த்தியவர் அம்பேத்கர். இருவரும் மறைந்தது ஒரே ஆண்டு, 1956.

4

இனிப் பஞ்சாங்கத்துக்கு வருவோம்.

டாக்காவில் ஒரு வக்கீல் சாகாவிடம், நீங்கள் என்ன கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டாராம். இவர் விளக்க விளக்க, இதெல்லாம் வேதத்திலேயே இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டே போனாராம். எந்த இடத்தில் என்று கேட்டதற்கு, நான் படித்ததில்லை, ஆனால் இருக்கும் என்றாராம். இதைச் சாகாவே வங்காளத்தில் எழுதியிருக்கிறார். அவர் அதோடு விடவில்லை. வேதங்களையும் சோதிட நூல்களையும் வருஷக்கணக்கில் படித்தார். அந்தப் படிப்புக்கு 1952இல் வேலை வந்தது. நாடாளுமன்றத்துக்குக் கல்கத்தாவிலிருந்து சுயேச்சையாக வென்று வந்த அதே ஆண்டில், நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவராக நியமிக்கப்பட்டார். நாடு முழுவதும் 30 அளவில் பஞ்சாங்க முறைகள் புழங்கிக்கொண்டிருந்தன. 1955இல் அறிக்கை வந்தது.

அறிக்கையின் சாரம் எளிது. சூரிய சித்தாந்தம் சொல்லுகிற ஆண்டு, பருவங்கள் திரும்பி வருகிற உண்மையான ஆண்டைவிட ஏறத்தாழ 24 நிமிடம் நீளம். பூமியின் அச்சு பம்பரத் தலைபோல மெல்ல விலகிக்கொண்டே போவதால், நட்சத்திரத்தை வைத்துப் போடும் ஆண்டுக்கும் பருவத்தை வைத்துப் போடும் ஆண்டுக்கும் இடைவெளி விழுகிறது. இதைப் பஞ்சாங்கம் போட்டவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. வருஷத்துக்கு 24 நிமிடம் என்றால் அறுபது வருஷத்துக்கு ஒரு நாள். பிரபவ தொடங்கி அட்சய முடிய ஒரு சுற்று முடிந்தால் ஒரு நாள் பிசகியிருக்கும். 1,400 ஆண்டுகளில் 23 நாள் பிசகிவிட்டது. சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 22இல். பஞ்சாங்கம் உத்தராயணப் புண்ணியகாலம் என்று குறிப்பது தை மாதப் பிறப்பில். புண்ணியம் 23 நாள் தாமதமாக வந்து சேருகிறது!

தமிழ்ப் புத்தாண்டு சித்திரையா தையா என்று 2008இல் ஒரு சட்டம், 2011இல் அதை ரத்துச் செய்து இன்னொரு சட்டம் என்று இங்கே நடந்தது. இரண்டு தரப்பும் சூரியனை நிமிர்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை. சாகா குழு பரிந்துரைத்த தேசிய நாட்காட்டி 1957 மார்ச் 22இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு ஓராண்டு முன்பே, 1956 பிப்ரவரி 16இல், அவர் டெல்லியில் திட்டக்குழு அலுவலகத்துக்குப் போகிற வழியில் இறந்துபோனார். அரசிதழில் அந்தத் தேதி அச்சாகிறது. ஊரில் பழைய பஞ்சாங்கமே ஆள்கிறது. பந்தியில் இருந்து தள்ளப்பட்டவன் தெய்வத்தின் கணக்கில் பிழை கண்டுபிடித்தால், பிழையை வைத்துக்கொள்வார்கள், ஆளை மறந்துவிடுவார்கள்.

இதோடு நம்முடைய மறதியையும் சேர்த்துப் பேச வேண்டும். தமிழ்நாட்டில் வள்ளுவர் என்றொரு சாதி இருக்கிறது. இன்று அட்டவணைச் சாதிப் பட்டியலில் இருக்கிறது. பறையர்களுக்குக் குருமாராகவும் நாள் பார்த்துச் சொல்கிறவர்களாகவும் இருந்தவர்கள். 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் சாதிகள் பற்றிய தொகுதிகள் அவர்களைப் பேர்போன சோதிடர்களாகவே பதிவு செய்கின்றன. ஊருக்குள் நுழைய முடியாதவர்களிடம் ஊர்க்காரர்கள் நாள் கேட்டுப் போனார்கள். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், வள்ளுவர், சாக்கையர், நிமித்தகர் என்ற பெயர்களைப் பௌத்தக் கல்வி மரபின் தடயங்களாக வாசித்தார். அந்த வாசிப்பை முழுசாக ஏற்பதும் ஏற்காததும் வேறு விஷயம். வானக் கணக்கு என்றைக்கும் அக்கிரகாரத்துச் சொத்தாக மட்டும் இருந்ததில்லை என்று முதலில் உரக்கச் சொன்னவர் அவர்.

1825இல் வெளிவந்த தமது நூலில் ஜான் வாரன் என்ற வெள்ளைக்காரர் ஒரு செய்தி எழுதுகிறார். சென்னை வானாய்வகத்தில் பொறுப்பு வகித்தவர் அவர். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, எண்களுக்குப் பதிலாக மனப்பாடம் செய்திருந்த சொற்களைச் சொல்லிக்கொண்டே, 1825 மே 31 இரவுச் சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். தொடங்கும் நேரத்தில் பிழை நான்கு நிமிடம்தான். அந்த மனுசனுக்குச் சித்தாந்தத் தத்துவம் ஒரு சொல்லும் தெரியாது என்று வாரன் குறிக்கிறார். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயரில் உள்ள 'வாக்கியம்' இந்த மனப்பாடச் சொற்களின் மரபுதான். ஆக, கணக்கு ஒன்று, அதைச் சுற்றிக் கட்டிய புனிதம் இன்னொன்று. சோழி நகர்த்துகிற விரலுக்கு வேதம் தேவைப்படவில்லை.

ஆனாலும் நாள் பார்த்த நம்முடைய முன்னோரைக் கொண்டாடி முடித்துவிடக் கூடாது. கிரகணத்தைக் கணிப்பது வானியல். கிரகணத்தால் பீடை வரும் என்பது வியாபாரம். முன்னதை மீட்க வேண்டும், பின்னதை உதற வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டிய கத்தி சாகாவிடம் இருக்கிறது.

5

2010 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல் அன்று, எங்க பகுதியில் வளையச் சூரிய கிரகணம். மதியம் ஒரு மணிக்கு மேல் வெயில் நிலா வெளிச்சம்போல மங்கியது. ஊர்த்தெருவில் கதவெல்லாம் சாத்திக் கிடந்தது. சாப்பிடக் கூடாது, வெளியே வரக் கூடாது, தீட்டு. எங்க தெருவில் காலிப் பட்டாசு அட்டைப் பெட்டியில் ஊசியால் துளை போட்டு, சுவரில் விழுந்த சின்ன ஒளி வளையத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். வேப்பமரத்தடியில் இலை இடுக்குகள் வழியாக விழுந்த வெளிச்சமெல்லாம் தரையில் வளையல் வளையலாகக் கிடந்தது. கிழவி ஒருத்தி சொன்னாள், "சூரியனுக்கு ஒரு நாள் தீட்டுன்னா கதவச் சாத்துறானுக. நமக்கு வருசம் முந்நூத்தறுவத்தஞ்சு நாளும் தீட்டு. நாம எந்தக் கதவச் சாத்த?"

அவள் சொன்னதுதான் சரியான வரலாற்றுப் பார்வை. மகாராட்டிரத்தில் கிரகணம் விடுவதற்காக மாங் மக்களுக்குத் தானம் போடும் வழக்கம் இருந்தது. ராகுவின் பீடையைத் தானத்தோடு சேர்த்து அவர்கள் தலையில் இறக்கிவிடுவது. நிலாவின் நிழல் விழுவதற்கும் ஒரு சாதியைக் கண்டுபிடித்துப் பொறுப்பாக்கிய சமூகம் இது. கிரகணம் நிழல்தான் என்று நிறுவுவது வெறும் அறிவியல் பிரச்சாரமில்லை, சாதி ஒழிப்பு வேலையின் ஒரு பகுதி.

6

1963 நவம்பர் 21இல் கேரளத்துத் தும்பாவில் மீனவர் குடியிருப்பும் மாதா கோயிலும் இருந்த கடற்கரையிலிருந்து முதல் ராக்கெட் போனது. 2024 பிப்ரவரி 28இல் தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அங்கே போகிற ராக்கெட்டின் திட எரிபொருளில் அலுமினியப் பொடி இருக்கும். எங்கம்மா கையில் மின்னிய அதே அலுமினியம். 2018 அக்டோபர் 23 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பச்சை உப்புக்குத் தடை, சரவெடிக்குத் தடை. காற்று சுத்தமாக வேண்டியதுதான். ஆனால் அந்த உப்பை ரெண்டு தலைமுறையாக மூச்சில் இழுத்தவர்களுக்கு அடுத்த வேலை என்ன என்று யாரும் தீர்ப்பெழுதவில்லை. வானத்துக்குப் போகிற வேலையில் படித்தவர்களும், வாசலில் வெடிக்கிற வேலையில் நாமும் என்ற பிரிவினை தானாக வந்ததில்லை. அந்த வகுப்பறையின் 'மட்டும்' என்ற சொல்லில் தொடங்குகிறது அது.

மாலைப் பள்ளி நடத்துகிற தோழர்களுக்கு ஒரு யோசனை. சாகாவின் வாழ்க்கையைத் தமிழில் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அந்தத் தட்டிலிருந்து தொடங்குங்கள். பிறகு ஓர் அட்டைப் பெட்டியில் பிளேடால் மெல்லிய கீறல் போட்டு, உள்ளே பழைய சி.டி. ஒன்றைச் சாய்த்து வைத்து, மேலே பார்ப்பதற்கு ஒரு துளை விடுங்கள். கீறலை எரிகிற சுடரின் பக்கம் திருப்பி, சுடரில் கொஞ்சம் சமையல் உப்பைத் தூவுங்கள். வானவில் பட்டைக்கு நடுவே மஞ்சளாக ஒரு கோடு எழுந்து நிற்கும். அது சோடியம். சூரிய ஒளிப் பட்டையில் அதே இடத்தில் பிரான்ஹோபர் கறுப்புக் கோடு கண்டார். சூரியனில் என்ன இருக்கிறது என்பதை யாரிடமும் நாள் நேரம் கேட்காமல் நம் பிள்ளைகளே படித்துக்கொள்ளலாம். செலவு ஒரு பிடி உப்பு.